‘யெஸ்’ஸா, ‘நோ’வா?

“அவர் ‘யெஸ்’ன்னு சொன்னதுக்கு ‘நோ’ன்னு அர்த்தம் டாக்டர்! தயவுசெஞ்சு கேன்சல் பண்ணிடாதீங்க!”

ஜொகூர் பாரு மருத்துவமனை ஒன்றின் வார்டு முகப்பில் மூச்சிரைக்க நின்றாள் சுகந்தினி. காரை இடம் மாற்றி நிறுத்திவிட்டு வருவதற்குள் எல்லாம் தலைகீழாகியிருந்தது. அவள் கணவர் கிருபானந்தனின் பெயரை இன்றைய அறுவை சிகிச்சைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்களாம்.

பித்தப்பையில் கல். ஏற்கெனவே இரண்டு தடவை தேதி கொடுத்துத் தள்ளிப்போட்டாயிற்று. போன வாரம் வலி தாங்காமல் அவர் சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தார். இன்றும் தவறினால் அடுத்த தேதி எப்போதோ!

டாக்டர் லோஷினி இளம்பெண். தமிழ்ப் பெண்தான் என்றாலும் வாயில் முதலில் வருவது ஆங்கிலம்.

“ஆன்ட்டி, மயக்க மருந்து குடுக்கறப்ப வயித்துல சாப்பாடு இருக்கக்கூடாது. வாந்தி வந்து நுரையீரல்ல போயிட்டா உயிருக்கே ஆபத்து லா. நான் தெளிவாத்தான் கேட்டேன், ‘யூ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங்?’ன்னு. அங்கிள் ‘யெஸ்’ன்னாரு. அப்ப சாப்பிட்டுட்டாருன்னுதானே அர்த்தம்?”

“அங்கதாம்மா தப்பு! நம்ம தமிழ்ல யோசிச்சுப் பாருங்க. ‘நீங்க ஒண்ணும் சாப்பிடலையா?’ன்னு கேட்டா, ‘ஆமா, சாப்பிடல’ன்னுதானே சொல்வோம்? அந்த ‘ஆமா’வைத்தான் மனுஷன் ‘யெஸ்’ ஆக்கிட்டாரு.”

லோஷினியின் பேனா நின்றது.

“அலமாக்! எங்கம்மாவும் இப்படித்தான். ‘யூ டோன்ட் வான்ட் காப்பி?’ன்னு கேட்டா ‘யெஸ்’ம்பாங்க. நான் கலக்கிட்டுப் போயி திட்டு வாங்குவேன்.”

“அதேதான்! ராத்திரி முழுக்க நாற்காலியில உக்காந்து நாந்தான் பாத்துக்கிட்டேன். பச்சத்தண்ணி படல அவர் வாயில.”

“சரி வாங்க, நானே இன்னொரு தடவை கேட்டுடறேன்.”

கிருபானந்தன் பச்சை அங்கியில், பல்செட்டைக் கழற்றிய பொக்கை வாயோடு படுத்திருந்தார். மனைவியைக் கண்டதும் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார்.

“அங்கிள், ஸோ, யூ ஹேவன்ட் ஈட்டன்?”

“யெஸ்,” என்றார் அவர் அழுத்தமாக. “யெஸ், ஐ...”

“பாத்தீங்களா, மறுபடியும் அதே யெஸ்!” சுகந்தினி குறுக்கே பாய்ந்தாள். “நீங்க பேசாம படுங்க. வாயத் தொறந்து இன்னும் குழப்பாதீங்க!”

திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் அவர் தொடங்கிய பேச்சை அவள்தான் முடித்துவைத்திருக்கிறாள். லோஷினி சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். பெயர் மறுபடியும் பட்டியலில் ஏறியது.

கால் மணி நேரத்தில் தள்ளுவண்டி வந்துவிட்டது. சுகந்தினி கூடவே நடந்தாள். கணவரின் நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு முறை அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“பயப்படாதீங்க. கண்ண மூடி முருகன நெனச்சுக்குங்க. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்.”

அறுவை சிகிச்சை அறையின் கதவு திறந்தது. சட்டென்று கிருபானந்தன் இரண்டு கைகளாலும் கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டார். வண்டி நின்றது.

“என்னங்க இது, சின்னப்புள்ள மாதிரி! எவ்ளோ பாடுபட்டு அந்த டாக்டருக்குப் புரிய வச்சேன்!”

“அந்தப் பொண்ணு சரியாத்தான் புரிஞ்சுக்கிச்சு, நீதான் மாத்திட்ட,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. “இருபத்து மூணு வருஷம் சிங்கப்பூர் ஆபீஸ்ல வேலை பாத்தவனுக்கு யெஸ், நோ தெரியாதா? நீ குளிக்கப் போனப்ப பசி தாங்காம பக்கத்துக் கட்டில்காரரோட ரொட்டி சானாய் ரெண்ட சாப்பிட்டுட்டேன். உன்கிட்ட சொல்லத்தான் பயம் சுகந்தி, டாக்டர்கிட்ட உண்மையைத்தான் சொன்னேன்!”