பச்சைப் பொத்தான்

இணையக் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பச்சை 'வாங்கு' பொத்தானையும் மீதிப் பேருக்கு ஆரஞ்சுப் பொத்தானையும் ஒரு வாரம் காட்டிப் பார்த்தார்கள். ஆரஞ்சை அழுத்தி வாங்கியவர்களே அதிகம்; ஆரஞ்சு வென்றது. பச்சையை எடுத்துவிடும்படி, கடையின் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொற்கொடியிடம் சொன்னார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன் அதை வரைந்தவன், அப்போது அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த ஆரோன். அவனிடம் சொல்லாமல் எடுக்க மனம் வராமல் ஃபோன் செய்தாள். "தோத்துடுச்சா? பரவால்லங்க, எடுத்துடுங்க" என்றான். பிறகு, "அந்தப் பச்சைய எங்கேர்ந்து எடுத்தேன்னு நீங்க கேட்டதே இல்ல. நீங்க வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குப் போட்டிருந்த சுடிதார் கலர் அது" என்றான். அந்தப் பக்கம் ஒரு குழந்தை "அப்பா, வாப்பா" என்று கூப்பிட்டது. "இதோ வரேன்டா" என்றவன் ஃபோனை வைக்கவில்லை. பொற்கொடியும் வைக்கவில்லை.