திறந்தே இருந்த கோப்பு

"இவ்வளவு அழிச்சும் டிஸ்க் ரொம்பியே கெடக்கு அண்ணி" என்றான் எர்கின்.

என் கணவர் குபானிச்சின் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். நாற்பதாம் நாள் விருந்தில் எடுக்கும் படங்களுக்கு இடம் வேண்டுமென்று அண்ணனின் கோப்புகளைக் காலி செய்திருக்கிறான்.

"அதுல 'குரல்'னு ஒண்ணு இருந்துச்சே?"

"பாத்துப் பாத்து அழிக்கல அண்ணி. மொத்தமா."

பதினேழு மணி நேரப் பதிவு. தொண்டையில் டாக்டர்கள் கத்தி வைக்குமுன் குபானிச் பேசி வைத்தது. வேறு பிரதி கிடையாது. நாற்பது முடிந்ததும் கேட்கலாமென்று இருந்தேன்.

தோளைப் பிடித்து அவனை நாற்காலியிலிருந்து எழுப்பினேன். அப்புறம்தான் அவன் சொன்னது உறைத்தது. இடம் திரும்பவில்லை.

அழிக்கும்போது போவது கோப்பின் பெயர்தான். ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருந்தால், அந்த நிரல் நிற்கும்வரை உள்ளே உள்ளது அப்படியே கிடக்கும். குபானிச், எர்கின், நான் மூவரும் சோறு தின்றதே இந்த வேலையில்தான்.

ஓடிக்கொண்டிருந்த நிரல்களைத் துழாவினேன். ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு.

இறந்தவர் அறையில் நாற்பது நாள் விளக்கு எரிய வேண்டும். நான் கணினியையும் அணைக்கவில்லை.

மணி ஒன்று முப்பத்தைந்து. இரண்டுக்கு மின்சாரம் நிற்கும் என்று படிக்கட்டில் ஒட்டியிருந்தார்கள். கணினியின் பேட்டரி போன வாரமே செத்துவிட்டது.

பென் டிரைவைச் செருகி, அந்த நிரலின் வழியாகவே நகலெடுக்க விட்டேன். பன்னிரண்டு ஜிகாபைட். இருபது நிமிடம் ஆகும்.

"சித்தி, கெட்டிலப் போட்டுராதீங்க. ஃபியூஸ் போயிரும்" என்று எர்கின் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"ஏன்டா, துக்க வீட்டுல டீக்கும் தடையா?" விருந்துக்குப் போர்சோக் மாவுத் துண்டுகள் பொரிக்கும் சத்தத்துக்கு மேலே சித்தியின் குரல்.

"நான் ஒரு கழுதை அண்ணி."

"வாய மூடிட்டு அந்த பிளக்கப் பிடி. ஆடுது."

எண்பது சதவீதம். கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கோப்பின் விவரங்களைக் கேட்டேன். கடைசி மாற்றம், அதாவது பெயர் நீக்கப்பட்ட நேரம்: பிப்ரவரி ஒன்பது, காலை எட்டு பத்து.

எர்கின் அழித்தது இன்று, மார்ச் கடைசியில்.

பிப்ரவரி ஒன்பது காலை எட்டு பத்துக்கு நான் கீழே பனியில் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன், குபானிச்சைக் கடைசியாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போக. வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்.

தற்காலிகக் கோப்புகளை நாங்கள் அப்படித்தான் கையாள்வோம். திறந்த கையோடு பெயரை நீக்கிவிடுவோம். நிரல் நின்றதும் அது தடயமில்லாமல் தானே போய்விடும். தன் குரலையும் அவர் அப்படித்தான் விட்டுப்போயிருக்கிறார்.

"நின்னுருச்சா அண்ணி?"

"ஓடுது. நீ போய்ச் சாப்பிடு. தப்பு உன்னுது இல்ல."

அவன் நம்பவில்லை. ஆனாலும் போனான்.

ஒன்று ஐம்பத்தாறுக்கு நூறு சதவீதம் என்று காட்டியது. அதை நம்பக்கூடாது. பாதி இன்னும் நினைவகத்தில்தான் இருக்கும். பென் டிரைவில் இறக்கு என்று தனியாகக் கட்டளை தர வேண்டும். தராமல் உட்கார்ந்திருந்தாலே போதும், அவர் நினைத்ததை மின்வாரியம் முடித்துவைக்கும்.

தந்தேன்.

பதினோரு வருடமாகிறது. நான்கு முறை புதிய வட்டுக்கு மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுச் சரிபார்ப்பேன்.

கேட்டதில்லை.