டம்ளரில் நீலம்

பாத்திரக்கடை வைரவன் பேரம் பேசாமல் தும்மக்கூட மாட்டார் என்பது சகாயத்துக்குத் தெரியும். அவர் வீட்டுத் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவியில் மினரல் குடுவையை மாற்ற வந்தவன், விலையை ஏற்றித்தான் சொல்ல வேண்டும் என்று படியேறும்போதே முடிவுசெய்திருந்தான். வைரவனின் மனைவி உமையாள் அந்தக் கருவியிலிருந்தே பிடித்துத் தந்த தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு, "பழைய குடுவை செத்திருக்கும் முதலாளி, நீங்களே பாருங்க" என்று மீதியில் சோதனைச் சொட்டை விட்டான். சத்துத் தீர்ந்திருந்தால் தண்ணீர் மஞ்சளாகும், இருந்தால் நீலமாகும். இதுவோ கருநீலமானது. புதுக் குடுவைகூட இப்படிக் காட்டாது.

"எந்தக் கடைச் சரக்கு முதலாளி?" என்று குடுவையைத் திருகித் திறந்தான். உள்ளே வழக்கமான வெள்ளை உருண்டைகள் இல்லை. துணியில் முடிந்த சாம்பலும் வெந்த எலும்புச் சில்லுகளும் இருந்தன. எதிர்ச் சுவரில் மாலை போட்ட படத்துக்குள் அவர்கள் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அதன் கீழே அஸ்திக் கலயம் காலியாக இருந்தது. பாதி குடித்த டம்ளரைச் சகாயம் தள்ளி வைத்தான்.

"கடல்ல கரைக்கச் சொன்னாங்க தம்பி. எம்புள்ளைய ஊருக்கெல்லாம் எதுக்கு இனாமாக் குடுக்கணும்?" என்றார் வைரவன். "புதுசுக்கு நீ சொல்ற விலையத் தர்றேன். புதுக் குடுவைய நீயே வச்சுக்க. இத மூடிடு. ஒண்ணு மட்டும் சொல்லு, இது இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?"

எந்த வீட்டிலும் யோசிக்காமல் ஆறு மாதம் என்பான் சகாயம். இப்போது குடுவையை மட்டும் திருகி மூடினான். அவனுக்காக இரண்டாவது டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த உமையாள், பாதியிலேயே கருவியின் குழாயை இறுக மூடினாள்.