அணைத்த பிறகும் முழித்த விளக்கு

புஷ்பலதா வீட்டு ஹாலில் புதிதாக எல்.இ.டி. சீலிங் லைட் மாட்டி, பழைய சுவர் சுவிட்சோடு இணைத்தார்கள். எலக்ட்ரீஷியனுக்கு அவசரம். கரண்ட் வரும் ஒயரை நேரே விளக்குக்கு விட்டு, திரும்பிப் போகும் ஒயரைச் சுவிட்சில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து சுவிட்சை அணைத்தாலும் விளக்கு மங்கலாக முழித்துக்கொண்டே இருந்தது.

"நான் அணைச்ச பிறகும் என்னடா முழிப்பு? என் மானம் போகுது," என்றது சுவிட்ச்.

"அண்ணே, நீங்க அடைக்கிறது கரண்ட் வெளியே போற வழியை. உள்ளே வர்ற வழி திறந்தே கிடக்கு. யாராவது தொட்டா தூக்கி எறிஞ்சிடும்," என்றது விளக்கு.

"நேத்து வந்த பய, எனக்கே பாடம் எடுக்கிறியா?"

மழை விட்ட ஒரு சாயங்காலம், விளக்கு மூடிக்குள் ஈசல் செத்துக் கிடந்தது. புஷ்பலதா சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறினாள்.

"கண்ணை மூடுடா, அம்மா பாக்கிறாங்க!" என்று சீறியது சுவிட்ச்.

விளக்கு இருந்த தெம்பையெல்லாம் கூட்டி முழித்தது.

"ஏங்க, அணைச்ச லைட்டு எரியுது! மெயினை அணைங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். வாசலில் இருந்த கணவர் மெயினை அணைத்தார். விளக்கு அடியோடு அணைந்தது.

"பாத்தியா?" என்றது சுவிட்ச். "கடைசியில என் பேச்சைக் கேட்டுத்தானே ஆகணும்!"