எஞ்சினுக்குக் கட்டிய கயிறு

அப்பாவின் டீசல் டாக்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே மூன்று தலைகள்.

ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று பட்டறை நாகூர் மீரான் பாயுடையது. மூன்றாவது, பக்கத்துக் கிராமமான கம்போங் செட்டியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை என்ற பெரியவருடையது. அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எண்ணெய் இருக்கிறதா என்று, தமிழ் வராததால் மலாய் மொழியில், நான்காவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி ஒன்றேகால். என்னைப் பெண் பார்க்க இரண்டு மணி ரயிலில் தம்பின் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். ஏழு பேர். அப்பாதான் போய் அழைத்து வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பார்த்து முடிக்காவிட்டால் இன்றைக்கு இல்லை.

அப்பா ஸ்டார்ட்டரை அழுத்தினார். எஞ்சின் கரகரவென்று சுற்றியது. கிளம்பவில்லை.

"மெர்டேகா வந்து ஒரு வருசம் ஆச்சுல்ல. வண்டியும் சுதந்திரம் கேக்குது லா," என்றார் பாய்.

அப்பா சிரிக்கவில்லை.

பாய் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். முதலில் நுரை வந்தது. பிறகு சுத்தமான எண்ணெய் வந்தது. அப்பாவின் பட்டுக்கரை வேட்டிமேல்தான் வந்தது.

மறுபடி கரகர. கிளம்பவில்லை.

"பம்பு வரைக்கும் எண்ணெய் வருதுண்ணே. பம்பத் தாண்டல. பம்பக் கழட்டணும்."

அங்கேதான் சிக்கல். பம்பின்மேல் காலைப் பூசையின் குங்குமம், ஒரு முழம் மல்லிகை, இறுக்கிக் கட்டிய மஞ்சள் கயிறு.

பாய் கையை இழுத்துக்கொண்டார். "சாமி கயிறு. நா தொட மாட்டேன். நீங்க அவுருங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். நல்ல காரியத்தன்று அவிழ்த்தால் விளங்காது என்று அம்மா வாசலிலிருந்தே கத்தினாள்.

ஆகவே கயிற்றில் கை படாமல், மற்ற எல்லாவற்றையும் பாய் கழற்றிப் பார்த்தார்.

அம்மா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி நகராததால் பழம் நசுங்கவில்லை. பிள்ளை ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வேறு டாக்சி அனுப்பலாமே என்று பாய் சொன்னதற்கு அப்பா குதித்தார். "டாக்சிக்காரன் வீட்டுக்கு வர்ற மாப்பிள்ள, இன்னொருத்தன் டாக்சியிலயா வருவாரு?"

மாப்பிள்ளை பஸ்ஸில் வந்தார்.

நாலு பத்துக்கு, வியர்த்து வழிந்தபடி, பழத்தட்டுகளோடு ஏழு பேரும் தெருமுனையிலிருந்து நடந்து வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அத்தை. கடைசியில் மாப்பிள்ளை, தியாகு. ரப்பர் தோட்டத்து எஞ்சின் அறையில் வேலை.

நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தேன். மாப்பிள்ளையிடம் எனக்குப் பயமில்லை. காபித் தட்டோடு ஏழு பேர் நடுவில் நடக்க வேண்டுமே, அதுதான். தட்டில் தம்ளர்கள் நடுங்கும் சத்தம் இரண்டு நாளாகவே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் வரவேண்டிய மாப்பிள்ளை, திறந்திருந்த பானட்டுக்குள் நான்காவது தலையாக எட்டிப் பார்த்தார்.

மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். முடிச்சைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்.

நான் சட்டென்று திரும்பிக்கொண்டேன். திரும்பியிருக்கக் கூடாது. பின்னல் தெரிந்திருக்கும்.

வெள்ளைச் சட்டையோடு அவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

"தம்பி, நேரம் போவுது," என்றார் அப்பா.

"ஒரு நிமிசம், மாமா."

மாப்பிள்ளை இல்லாமல் பெண் பார்க்க முடியாது. எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். அத்தை மூச்சு வாங்கக் குனிந்தார். "டேய் தியாகு, பொண்ணு வீட்டுக்குள்ள இருக்குடா! வண்டிக்கு அடியில இல்ல!"

"ஒரு நிமிசம், அத்த."

நாலு முப்பத்தொன்றுக்கு வெளியே வந்தார். சட்டையெல்லாம் கறுப்பு. யாரும் தடுப்பதற்கு முன்னால் கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். எஞ்சின் இடிபோல் முழங்கியது.

"கைராசி!" என்றார் பாய். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கும் கலங்கியது, ராகு காலத்தை நினைத்து.

"பொண்ணப் பாக்கலன்னா என்ன, கேசரியப் பாத்துட்டுப் போவோம்," என்றார் அத்தை. வாசலில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, ஒருவர் மடியில் ஒருவராக ஏறிக்கொண்டு, அப்பாவின் டாக்சியிலேயே ரயிலுக்குப் போனார்கள். மீதமிருந்த மூன்று எலுமிச்சம்பழமும் நசுங்கியது.

சத்தம் அடங்கிய பிறகு வெளியே வந்தேன்.

கேட் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. ரிப்பன் முடிச்சு, இரண்டு காதும் சரிசமமாக. என் பின்னலில் இருக்கிற அதே முடிச்சு.

பம்பின் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புக் காது உண்டு. அதைப் பின்னால் இழுத்தால் எண்ணெய் நின்றுவிடும் என்று பாய் ஒருநாள் அப்பாவிடம் சொன்னபோது, காபி கொடுக்க வந்த நானும் கேட்டிருந்தேன். காலையில் கயிற்றை என்னிடம் கொடுத்து, எஞ்சினில் எங்கேயாவது கட்டு என்றுதான் அம்மா சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறார்கள். மூன்று பேர் மட்டும் வருகிறோம், அத்தையைத்தான் தடுக்க முடியவில்லை என்று மாப்பிள்ளை அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்.

இந்த முறை கயிற்றை வண்டிக் கண்ணாடியில் கட்டப்போகிறேன்.