கூடப் படித்தவள்

"சிட்டு வீட்டு விலாசத்தைக் குடுங்க தம்பி. அவ புருஷன்கிட்ட நானே நேர்ல பேசிக்கிறேன்."

என் மேசைக்கு எதிரே நின்ற பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துணிப்பை. ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் தோலுரிந்து வெளுத்திருந்தன.

விரல்களைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. எங்கள் ஆறு மாத மருந்தக உதவியாளர் படிப்பில் சேர்ந்தவர். எல்லாம் ஆன்லைன் வகுப்பு என்பதால் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் அவருக்குச் சளி பிடித்தால்கூட எனக்குத் தெரியும்.

"உக்காருங்க..." என்றேன். அக்கா என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்து விழுங்கி, "...ம்மா" என்று முடித்தேன்.

அவரை அக்கா என்று அழைப்பவள் சிட்டு.

ஆன்லைன் படிப்புக்கு முதல் வாரம் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். மூன்றாம் வாரம் ஈ காக்கை இருக்காது. அவர்களை விடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். குறுஞ்செய்தி அனுப்பினேன். போன் போட்டுக் கெஞ்சினேன். வினாடி வினா வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

"கூடப் படிக்கிறவங்க பேசினாத்தான் மத்தவங்களும் பேசுவாங்க," என்றார் மேலாளர். "அப்படி ஒரு ஆள் இல்லன்னா, நாமளே உண்டாக்கிட வேண்டியதுதான்."

உண்டாக்கினேன்.

சிட்டு நான்தான்.

இருபத்து மூன்று வயது. புதிதாகக் கல்யாணமானவள். தொட்டதற்கெல்லாம் முறைக்கிற புருஷன், 'படிச்சுக் கிழிச்சது போதும்' என்கிற மாமியார். அடுப்படியில் ஒளிந்து படிப்பவள் என்பதால் யாரிடமும் போனில் பேச மாட்டாள், எழுதுவாள். வகுப்பில் புரியாததை முதல் ஆளாகக் கேட்டு எல்லாரையும் வாய் திறக்க வைத்தவள் அவள்.

அக்கா இரண்டாம் மாதமே நின்றுவிடப் பார்த்தார். 'மருந்துப் பேரெல்லாம் வாயிலயே நுழையல' என்று எழுதினார். சிட்டு விடவில்லை. 'நீங்க போனா நானும் போயிடுவேன்க்கா' என்றாள். அன்றிலிருந்து இருவரும் தினம் பத்து மருந்துப் பெயர்களை ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டிக்கொண்டார்கள். சில நாள் அக்காதான் சிட்டுவைத் திருத்தினார்.

அவர் வருவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை என்னை அடுத்த குழுவுக்கு மாற்றினார்கள். இந்தக் குழுவுக்குத் தேர்வு மட்டும்தானே பாக்கி, சிட்டு சத்தமில்லாமல் மறையட்டும் என்றார் மேலாளர். எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லாமல் போனால் அக்கா பதறுவாரே என்று ஒரு வரி எழுதினேன்.

'வீட்டுல ஒத்துக்கலக்கா. நிறுத்திக்கிறேன்.'

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. அப்போதுதான் உறைத்தது. இறுதித் தேர்வு இன்றைக்கு, பத்து மணிக்கு. பத்தரைக்குள் நுழையாதவர்களுக்கு ஆன்லைன் தேர்வுப் பக்கம் மூடிக்கொள்ளும். மறு தேர்வு கிடையாது.

"இன்னைக்குப் பரீட்சையாச்சேம்மா!"

"தெரியும் தம்பி. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். அந்தப் பொண்ணை நட்டாத்துல விட்டுட்டு நான் மட்டும் எப்படி எழுதறது?"

உண்மை தொண்டைவரை வந்தது. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார், தேர்வும் போயிருக்கும் என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதில் பாதிதான் உண்மை. மீதி, பயம்.

விலாசம் எடுத்து வருகிறேன் என்று உள்ளறைக்குப் போனேன். போனை எடுத்தேன். சிட்டுவாகி எழுதினேன்.

'அக்கா! அவர் சம்மதிச்சிட்டார். பரீட்சைக்கு உக்காந்துட்டேன். நீங்க எங்க இருக்கீங்க?'

வெளியே ஒரு சத்தம். ஓடி வந்தேன். போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக நின்றிருந்தார். என் நாற்காலியிலேயே, கணினி முன்னால் உட்கார வைத்தேன். பத்து இருபத்தெட்டு. வெளுத்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். நான் பின்னால் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிராத இடம் அது.

தேர்ச்சி பெற்றார். அதே மருத்துவமனையில் இப்போது மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நிற்கிறார்.

அந்த வேலையை நான் விட்டு மூன்று வருடமாகிறது. கிளம்பும்போது அடையாள அட்டை, சாவி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். சிட்டுவின் கடவுச்சொல்லை மட்டும் கொடுக்கவில்லை.

ஞாயிறு தவறாமல் அக்கா எழுதுகிறார். நானும் பதில் போடுகிறேன். மாமியார் ஒருவழியாகத் திருந்தினார். புருஷனுக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்று அக்கா விடாமல் கேட்டதில், போன மாதம் சிட்டுவுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

'பாப்பா யார் ஜாடைடி?' என்று இன்று காலை கேட்டிருக்கிறார்.

இன்னும் பதில் போடவில்லை.