அரை நிமிடம்

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக் கபடியில் மைக் பிடித்துத் தொடங்கிய திரவியம், இப்போது சென்னையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எங்கோ நடக்கும் ஆட்டத்தைத் திரையில் பார்த்து வர்ணனை சொல்கிறார். மைதானத்தில் நடப்பது திரைக்கு வந்துசேர அரை நிமிடமாகும்.

"சார், கிரவுண்டு லைன்ல சொல்றாங்க." காதுக்கருவியில் தயாரிப்பாளர் ஜெனிபரின் குரல். "உங்க பையன் ரெய்டு போனவன் விழுந்துட்டானாம். எந்திரிக்கலியாம்."

திரையில் இசக்கிராஜா இன்னும் விழவில்லை. குனிந்து நடுக்கோட்டைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். திரவியம் மைக்கோடு திரையை நோக்கிக் குனிந்தார். பையன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"போவாதலே," என்றார்.

ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வீடுகளிலும் அது கேட்டது. இசக்கிராஜா கபடி கபடி என்று பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினான்.